வீதத்தை விடுங்கள், தலைகளை எண்ணுங்கள்: வாசகர் கேள்வி - பதில்

ஓ.எல் (சாதாரண தரப் பரீட்சை) பெறுபேறு வந்து, மதிலுக்கு மதில் பெனர் ஏறியதும் எனக்குக் கடிதம் குவியும். இந்த முறை பாதிக்கு மேல் சின்னப் பாடசாலைகளைப் பற்றித்தான். இருநூறு, முந்நூறு பிள்ளைகளோடு ஓடிக்கொண்டிருக்கும், பெயர் சொன்னால் "அது எங்கே இருக்கிறது?" என்று திருப்பிக் கேட்கிற, கொழும்பிலுள்ள அரச தமிழ்ப் பாடசாலைகள். ஆகவே கிரிக்கெட், சினிமாக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபிக்க வேண்டாம்.

மகன் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு வரவில்லை. நடக்கிற தூரத்தில் ஒரு சின்னப் பாடசாலை இருக்கிறது. போன முறை ஓ.எல்லில் 22 பேர் எழுதி 10 பேர் ஏ.எல் (உயர்தரம்) படிக்கத் தகுதி பெற்றார்கள், இந்த முறை 20 பேரில் 14 பேர். "பாடசாலை முன்னேறிவிட்டது" என்கிறார் அதிபர். பக்கத்து வீட்டு அக்காவோ "அங்கே போட்டால் பிள்ளை கெட்டுப்போகும், வெள்ளவத்தைப் பக்கம் பாருங்கள்" என்கிறார். யாரை நம்புவது?
— ஒரு தாய், மட்டக்குளி

இரண்டு பேரையும் கொஞ்சம் ஒத்திவையுங்கள் அம்மா. முதலில் கணக்கைப் பார்ப்போம்.

22-இல் 10 என்றால் 45 வீதம், 20-இல் 14 என்றால் 70 வீதம். பெனரில் எழுதினால் ஒரே வருஷத்தில் 25 புள்ளி பாய்ச்சல், பார்ப்பவர் மலைத்துப்போவார். ஆனால் பத்துக்கும் பதினாலுக்கும் இடையில் நிற்பது நான்கே நான்கு பிள்ளைகள். இருபது பேர் எழுதுகிற இடத்தில் ஒரு பிள்ளை 5 வீதம். கணிதப் பரீட்சை நாளில் ஒருவனுக்கு டெங்கு வந்தால் 5 வீதம் போச்சு, நன்றாகப் படிக்கிற இரட்டைப் பிள்ளைகள் அந்த வகுப்பில் இருந்தால் 10 வீதம் வந்தாச்சு. 250 பேர் எழுதுகிற பெரிய பாடசாலையில் ஒரு பிள்ளை அரை வீதம்கூட இல்லை, அதனால் அங்கே ஆட்டம் வெளியில் தெரியாது. அதே ஆசிரியர்கள், அதே கற்பித்தல், எதுவுமே மாறாமல் இருந்தாலும், உண்மையில் நூற்றுக்கு அறுபது பேரளவில் தேறக்கூடிய ஒரு பாடசாலையில் இருபது பேர் எழுதினால் பெறுபேறு ஒரு வருஷம் 40-க்குக் கிட்ட இறங்கும், இன்னொரு வருஷம் 80-க்குக் கிட்ட ஏறும். அது இயல்பு. அதிபர் பொய் சொல்லவில்லை, ஆனால் நான்கு பிள்ளைகளை வைத்துக்கொண்டு முன்னேற்றம் என்று சொல்ல அவருக்கு இன்னும் ஆதாரம் கிடைக்கவில்லை.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போமே, அது ஒரே அடுப்பில் ஒரே நேரத்தில் வெந்த சோற்றுக்குத்தான் பொருந்தும். வகுப்பு அப்படி வேகாது. ஆகவே ஐந்து வருஷப் பெறுபேற்றைக் கேட்டு வாங்கிக் கூட்டுங்கள், நூறு பிள்ளையளவில் வரும், அதற்குப் பிறகு வீதம் போடுங்கள். ஒப்பிட ஒரு அளவு வேண்டுமென்றால், 2024-ஆம் ஆண்டுக்கான ஓ.எல்லில் நாடு முழுக்க ஏ.எல்லுக்குத் தகுதி பெற்றவர்கள் நூற்றுக்கு 73 பேரளவில்.

"தகுதி" என்றால் என்ன என்பதையும் விளங்கிக்கொள்ளுங்கள், பலருக்கு இது தெரியாது. ஒன்பது பாடத்தில் ஆறு பாடம் சித்தி, அந்த ஆறுக்குள் தாய்மொழியும் கணிதமும் கட்டாயம், அதோடு குறைந்தது மூன்று பாடத்தில் சி அல்லது அதற்கு மேல். எஸ் என்ற சாதாரண சித்திக்கு 35 புள்ளி, சி-க்கு 50. மற்ற எட்டுப் பாடத்திலும் ஏ எடுத்து, கணிதத்தில் 34 எடுத்த பிள்ளையும் அந்த வீதக் கணக்கில் "தகுதி பெறாதவர்" தான். அதனால் கணிதச் சித்தியைத் தனியாகக் கேளுங்கள். சின்னப் பாடசாலைகள் விழுகிற இடம் பெரும்பாலும் அதுதான், தமிழ் மொழிமூலக் கணித ஆசிரியர் ஒருவர் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போய், பதிலுக்கு ஆள் வராமல் இரண்டு தவணை போனால் அந்த வகுப்பின் கதை என்னவாகும் என்று சொல்லவேண்டுமா?

அடுத்தது, யார் உள்ளே வருகிறார்கள், யார் வெளியே போகிறார்கள். இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. ஐந்தாம் ஆண்டோடு வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்தவர்கள் புறப்பட்டுவிடுவார்கள். றோயல், டி.எஸ். சேனாநாயக்க, இசிப்பத்தான என்று தமிழ் மொழிமூல வகுப்புள்ள பெரிய பாடசாலைகள் இருக்கின்றன, பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி இருக்கிறது, பெண்பிள்ளைகளுக்கு இராமநாதன் மகளிர் கல்லூரியும் சைவ மங்கையர் வித்தியாலயமும். யார் போகாமல் இருப்பார்? பிறகு ஓ.எல் முடிந்ததும் இன்னொரு தடவை, நல்ல பெறுபேறு எடுத்தவர்கள் விஞ்ஞானப் பிரிவு தேடிப் போய்விடுவார்கள். இப்படி இரண்டு முறை மேலே இருந்தவர்களைக் கொடுத்துவிட்டு மிச்சப் பிள்ளைகளோடு நிற்கிற பாடசாலையையும், இரண்டு முறையும் அந்தப் பிள்ளைகளை வாங்கிக்கொண்ட பாடசாலையையும் ஒரே கோட்டில் நிறுத்தி யார் கெட்டிக்காரர் என்று கேட்பது நியாயமில்லை. ஐம்பது புள்ளியோடு வந்தவனை ஐந்து வருஷத்தில் எங்கே கொண்டுபோய் விட்டார்கள் என்பதுதான் கேள்வி, அதை எந்தப் பெனரும் சொல்லாது.

எதிர்ப்பக்கமும் உண்டு, விழிப்பாக இருங்கள். "100 வீதம் சித்தி" என்று போட்டிருந்தால் உடனே கேட்க வேண்டியது, இந்தப் பிள்ளைகள் ஆறாம் ஆண்டில் சேர்ந்தபோது எத்தனை பேர் இருந்தார்கள் என்று. நாற்பது பேர் சேர்ந்து பதினெட்டுப் பேர் மட்டும் எழுதியிருந்தால் மிச்சம் இருபத்திரண்டு பேர் எங்கே? வேறு இடத்துக்கு மாறினார்களா, வேலைக்குப் போனார்களா, அல்லது பத்தாம் ஆண்டில் பெற்றோரைக் கூப்பிட்டு "விடுகைப் பத்திரத்தை வாங்கிக்கொள்ளுங்கள், தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம்" என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பினார்களா? அப்படிச் செய்கிற இடங்கள் இருக்கின்றன, சின்னதிலும் பெரியதிலும்.

சரி, உங்களுக்கு என்ன செய்வது? அதிபரிடம் போய் மூன்று விஷயம் கேளுங்கள்: கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் இப்போது நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, இந்த முறை எழுதிய இருபது பேர் ஆறாம் ஆண்டில் எத்தனை பேராக இருந்தார்கள், தேறாத ஆறு பேரும் இப்போது என்ன செய்கிறார்கள். கடைசிக் கேள்விக்கு அவர் யோசிக்காமல், பிள்ளை பிள்ளையாகப் பெயர் சொல்லிப் பதில் சொன்னால் மகனை அங்கேயே சேர்த்துவிடுங்கள். நானாக இருந்தால் சேர்ப்பேன். மட்டக்குளியிலிருந்து வெள்ளவத்தைக்கு, ஏழரை மணிக்கு வகுப்பில் இருக்க வேண்டுமென்றால், பதினொரு வயதுப் பிள்ளை எத்தனை மணிக்கு எழும்ப வேண்டும் என்று பாருங்கள், திரும்பி வருகிற பகல் நேர வாகன நெரிசலையும் சேர்த்து. அந்த நேரம் முழுக்க அவன் வீட்டில் இருந்து படித்தாலோ, விளையாடினாலோ, ஏன், தூங்கினால்கூட லாபம்தான். கணித ஆசிரியர் இல்லை, வருகிற அறிகுறியும் இல்லை என்றால் மட்டும் வேறு இடம் பாருங்கள், அதுவும் முதலில் கொட்டாஞ்சேனைப் பக்கம்.

நாங்கள் படிக்கிற காலத்தில் காலைக் கூட்டத்துக்கு நிற்க இடம் போதாது. இப்போது பழைய மாணவர் கூட்டத்துக்குப் போனால் மூன்று வகுப்பறை பூட்டிக் கிடக்கிறது. பாடசாலையின் தரம் விழுந்ததால்தானே பிள்ளைகள் குறைந்தார்கள்?
— பழைய மாணவர், கொட்டாஞ்சேனை

அது ஒரு பகுதிதான் ஐயா, அதுவும் பெரிய பகுதி என்று நான் நினைக்கவில்லை.

முதலில், பிள்ளைகளே குறைவு. 2012-இல் இலங்கையில் மூன்றரை லட்சம் பிள்ளைகள் பிறந்தன, 2024-இல் சுமார் 2 லட்சத்து 20 ஆயிரம். முதலாம் ஆண்டு வகுப்புகளில் இந்தச் சுருக்கம் ஏற்கெனவே தெரிகிறது, ஓ.எல் வகுப்புக்கு வந்து சேர இன்னும் காலம் இருக்கிறது. இன்றைக்கு மூன்று வகுப்பறை பூட்டியிருக்கிறது என்று கவலைப்படுகிறீர்கள், கொஞ்சம் பொறுங்கள்.

அப்புறம், ஆட்கள் இடம் மாறிவிட்டார்கள். 83 கலவரத்துக்குப் பிறகு எத்தனை குடும்பம் வெளிநாடு போனது என்பது உங்கள் வயதுக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகு கொஞ்சம் கையில் காசு சேர்ந்தவர்கள் வத்தளை, ஹெந்தளை, மாபோலை என்று போனார்கள், அது கம்பஹா மாவட்டம், அங்கே வேறு கல்வி வலயம். மத்திய வகுப்பின் இன்னொரு பகுதி வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் அடுக்குமாடி வாங்கியது. தோட்டங்களில், அதாவது நகரத்துச் சேரிக் குடியிருப்புகளில், இருந்தவர்களை எழுப்பி நகர அபிவிருத்தி அதிகார சபையின் மாடிகளுக்கு அனுப்பியபோது பிள்ளைகளும் போனார்கள்தானே. இதற்கு மேல் இன்டர்நஷனல் பாடசாலைகள். அவை கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிந்தவை, கல்வி அமைச்சின் பாடசாலைக் கணக்கில் வராதவை, அரச பாடசாலையிலிருந்து அங்கே போகிற பிள்ளை கணக்கிலிருந்தே மறைந்துவிடும்.

முதலாம் ஆண்டு அனுமதிச் சுற்றறிக்கையை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். 50 வீதம் அருகில் வசிப்பவர்களுக்கு, 25 வீதம் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு, 15 வீதம் ஏற்கெனவே படிக்கிறவர்களின் தம்பி தங்கைகளுக்கு, மிச்சம் பத்தை கல்வித்துறை ஊழியர், இடமாற்றம் பெற்ற அரச உத்தியோகத்தர், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர் என்று பிரிக்கிறார்கள். பெயர்பெற்ற பாடசாலையில் படித்தவரின் பிள்ளைக்கு அங்கே ஓர் இடம் கிடைக்க வழி திறந்திருக்கிறது. உங்கள் பாடசாலையிலும் அதே 25 வீதம் இருக்கிறது, ஆனால் பழைய மாணவர் யாரும் கேட்டு வருவதில்லை. கோபிக்காமல் ஒன்று கேட்கிறேன்: உங்கள் பேரப்பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்?

என் ஏழாம் வகுப்பில் 24 பிள்ளைகள். பாதிப் பேர் முஸ்லிம் பிள்ளைகள், ஐந்தாறு பேர் மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள், மூன்று பேருக்குத் தாய் மத்திய கிழக்கில். வீட்டில் சிங்களம் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். தவணைப் பரீட்சையில் கணித சராசரி 31. மேற்பார்வைக்கு வந்தவர் "கற்பித்தல் போதாது" என்று பாடசாலையின் பதிவேடான லொக் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார். இந்தப் பின்னணியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?
— ஓர் ஆசிரியை, கிராண்ட்பாஸ்

ரீச்சர், உங்கள் கடிதத்தில் முதல் பாதி கொழும்பின் சரியான படம். தமிழ் மொழிமூலம் என்றதும் ஒரே மாதிரிப் பிள்ளைகள் என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். 2001 குடிசனமதிப்பில் கொழும்பு மாநகர எல்லைக்குள் சிங்களவர் 41 வீதம், இலங்கைத் தமிழர் 29, சோனகர் 24, இந்திய வம்சாவளித் தமிழர் 2 என்று இருந்தது. உங்கள் வகுப்பறை அந்த நகரத்தின் வகுப்பறை.

ஆனால் இரண்டாம் பாதியில் எனக்கு உடன்பாடில்லை. "பாதிப் பேர் முஸ்லிம், சிலர் மலையகம்" என்பது கணிதத்தில் 31 வந்ததற்குக் காரணம் ஆகாது. அதே சமூகத்துப் பிள்ளை அதே வகுப்பில் 78 எடுத்திருப்பாள், பார்த்துச் சொல்லுங்கள். நீங்கள் பார்க்க வேண்டிய இடாப்பு வேறு: வரவு இடாப்பு. 24 பேரின் புள்ளிகளையும் ஒரு பக்கத்தில் எழுதி, பக்கத்தில் அந்தத் தவணையில் எத்தனை நாள் வந்தார்கள் என்று எழுதுங்கள். 31 என்கிற சராசரி உடனே இரண்டாகப் பிரிந்து நிற்கும், ஒழுங்காக வருகிறவர்கள் ஒரு பக்கம், வாரத்துக்கு மூன்று நாள் வருகிறவர்கள் இன்னொரு பக்கம் என்று. அப்போது காரணம் தேடத் தொடங்கலாம். தாய் வெளிநாட்டில் என்றால் தம்பிக்குக் காய்ச்சல் வந்த நாளெல்லாம் மூத்த பெண்பிள்ளை வரமாட்டாள். பெருநாள், தீபாவளி, நத்தார் வந்தால் புறக்கோட்டைக் கடைகளில் கை உதவிக்குப் பையன்கள் தேவைப்படுவார்கள் (கட்டாயக் கல்வி வயது 16 வரை என்று 2016-இலிருந்து சட்டம் இருக்கிறது, கடை முதலாளிக்கு அதை யார் சொல்வது?). மழைக்குத் தண்ணீர் ஏறுகிற வீடு என்றால் கொப்பிகளே மிஞ்சாது.

வீட்டில் சிங்களம் பேசுகிற பிள்ளைக்குக் கணிதம் வராமலில்லை, கேள்வி விளங்காமல் இருக்கும். அதே கணக்கை வசனம் இல்லாமல் எண்ணாக மட்டும் கொடுத்துப் பாருங்கள். செய்துவிட்டான் என்றால் உங்கள் வேலை தமிழ் வாசிப்பில் இருக்கிறது.

லொக் புத்தகத்தில் எழுதியவருக்குப் பதில் வேண்டுமென்றால் அடுத்த வருஷம் தொடங்கும்போதே ஒரு சின்னப் பரீட்சை வையுங்கள், வாய்பாடு, பின்னம், ஒரு பந்தி வாசித்து விளங்குவது, அவ்வளவுதான். வருஷக் கடைசியில் அதே தரத்தில் இன்னொன்று. 12 எடுத்தவன் 30-க்கு வந்திருந்தால் அந்த 30 தவணை அறிக்கையில் தோல்வி போலத்தான் தெரியும், ஆனால் உங்கள் கையில் இரண்டு தாள் இருக்கும். அடுத்த முறை மேற்பார்வைக்கு வருகிறவர் முன்னால் அந்த இரண்டு தாளையும் வையுங்கள். வராமல் இருந்தவர்களைப் பற்றியும் பேசுங்கள், அது ஆசிரியர் ஒருவரால் தீர்க்கிற காரியம் இல்லை, கிராம சேவகரும் நன்னடத்தை உத்தியோகத்தரும் வர வேண்டிய இடம் அது.

சராசரியை மட்டும் வைத்து உங்களையும் அளக்கக்கூடாது, பின்னணியை மட்டும் வைத்துப் பிள்ளைகளையும் அளக்கக்கூடாது. இரண்டாவதை நீங்கள் செய்ய மாட்டீர்கள் என்று நம்புகிறேன், ஆனால் ஆசிரியர் அறையில் அந்தப் பேச்சு ஓடுவது எனக்குத் தெரியும்.

சின்னப் பாடசாலையில் தோட்டத்துப் பிள்ளைகளோடு சேர்ந்தால் பழக்கவழக்கம் கெட்டுவிடாதா?
— பெயர் வேண்டாம், முகத்துவாரம்

பெயரைப் போடாமல் விட்டது நல்ல புத்தி. போதைப்பொருளுக்குப் பயப்படுகிறீர்கள் என்றால் அது நியாயமான பயம், ஆனால் அதற்குக் காசு தேவை, காசு அதிகம் புழங்குகிற பாடசாலைகளையும் அதே கண்ணால் பாருங்கள். மற்றப்படி, இருநூறு பிள்ளைகள் உள்ள இடத்தில் ஒருவன் இடைவேளைக்குப் பிறகு வகுப்பில் இல்லையென்றால் பத்து நிமிஷத்தில் எல்லோருக்கும் தெரியும்.

சின்னப் பாடசாலையிலிருந்து எழுதினால் பல்கலைக்கழக அனுமதியில் சலுகை உண்டா? ஊருக்கு அனுப்பி எழுத வைத்தால் நல்லது என்கிறார்களே?
— ஏ.எல் மாணவன், மருதானை

பாடசாலையின் அளவுக்குச் சலுகை இல்லை, தம்பி. இசட் புள்ளியை, அதாவது பாடத்துக்குப் பாடம் உள்ள வித்தியாசத்தைச் சரிசெய்து போடுகிற புள்ளியை, பார்ப்பார்கள். பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதம் நாடளாவிய திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. கொழும்பு அந்தப் பட்டியலில் இல்லை, ஆகவே ஜம்பட்டா வீதியில் ஓலைப் பாயில் இருந்து படித்தாலும் கொழும்பு ஏழில் ஏசி அறையில் படித்தாலும் போட்டி ஒன்றுதான். இது நியாயமா என்று கேட்டால் இல்லை என்பேன். ஆனால் கடைசி நேரத்தில் பரீட்சை நிலையத்தை மட்டும் மாற்றினால் மாவட்டம் மாறிவிடாது, எங்கே எத்தனை வருஷம் படித்தாய் என்று பார்ப்பார்கள். கலைப்பிரிவு அல்லாமல் வேறு பிரிவு வேண்டுமென்றால் உன் பாடசாலை எந்த வகை என்று பார். 1 ஏபி என்றால் விஞ்ஞானப் பிரிவும் உண்டு, 1 சி என்றால் கலையும் வர்த்தகமும், வகை 2 என்றால் ஓ.எல்லோடு சரி.

இவ்வளவு சிரமப்பட்டு இந்தப் பாடசாலைகளை ஏன் வைத்திருக்க வேண்டும்? இரண்டு மூன்றைச் சேர்த்து ஒன்றாக்கினால் ஆசிரியர் தட்டுப்பாடும் தீருமே?
— கணக்காளர், நாரஹேன்பிட்டி

கணக்குப் புத்தகத்தில் சரியாக வரும். நாட்டில் பத்தாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட அரச பாடசாலைகள், அவற்றில் சுமார் 1,500-இல் ஐம்பது பிள்ளைகளும் இல்லை. மொத்தமாகப் பார்த்தால் 17, 18 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் இருக்கிறார், அதாவது ஆசிரியர் குறைவு என்று சொல்ல முடியாது, தேவையான பாடத்துக்கு, தேவையான மொழியில், தேவையான இடத்தில் இல்லை. பாடசாலைகளைச் சேர்ப்பது அதைத் தீர்க்கும் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

கொழும்பில் தூரமும் பெரிய தடையில்லை. ஆனால் மூடுவதற்கு முன் யாரும் செய்யாத ஒரு கணக்கு இருக்கிறது: மூடிய பிறகு எத்தனை பிள்ளைகள் அடுத்த பாடசாலையின் இடாப்பில் ஏறுகிறார்கள்? பஸ்ஸுக்குக் காசு இல்லாத வீட்டில் எட்டாம் ஆண்டுப் பிள்ளை அத்தோடு நின்றுவிடும். இன்னொன்று, தமிழ்ப் பாடசாலை மூடினால் பக்கத்தில் இருப்பது சிங்கள மொழிமூலப் பாடசாலையாக இருக்கலாம், பெற்றோர் அங்கேயே சேர்த்துவிடுவார்கள், பத்து வருஷத்தில் அந்த வட்டாரத்தில் தமிழ் மொழிமூலத்துக்குத் தேவையே இல்லை என்று எழுதிவிடுவார்கள். ஒன்றுமுதல் ஐந்துவரை அங்கங்கே விட்டுவிட்டு, ஆறாம் ஆண்டிலிருந்து இரண்டு மூன்றை ஒன்றாக்கி, பஸ் கட்டணத்தையும் அரசாங்கமே கொடுத்தால் நான் எதிர்க்க மாட்டேன். பஸ் கட்டணம் கொடுக்காமல் கட்டடத்தை மட்டும் மூடுகிற திட்டம் வந்தால் எழுதுங்கள், இதே பக்கத்தில் போடலாம்.